உயில் இல்லாத வீடு

ஆகஸ்ட் 7, 2022, ஞாயிறு

காலை ஆறே முக்காலுக்கு அவர் இறந்துபோனார்.

ஆராதனைக்குப் போவதற்காக முகம் மழித்துக்கொண்டிருந்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "தண்ணிய மூடுங்க" என்று அடுப்படியிலிருந்து இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்ல எழுந்து போனபோது சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கன்னம் மழித்திருந்தது. வலது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. நாடி பார்த்தேன். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் இருந்தவள் நான். இல்லாத நாடியை இருப்பதாக நினைத்துக்கொள்ள எனக்கு வராது.

எதிர்வீட்டுக்காரர் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் மணி பார்த்து எழுதிக் கொடுத்தார்.

கெசியாவுக்குப் போன் செய்தேன். "அப்பா..." என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் முடியவில்லை.

ஆகஸ்ட் 8, திங்கள்

அடக்கம் முடிந்தது.

கெசியா நேற்று மத்தியானமே மதுரையிலிருந்து வந்துவிட்டாள். அப்பா முகத்தைப் பார்த்தவுடன் அழவில்லை. "பாதியில விட்டிருக்கே" என்று சொல்லி ரேசரைத் தேடி எடுத்து மறு கன்னத்தை அவளே மழித்தாள். காயம் படாமல், மெதுவாக. நான் கிண்ணத்தில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன். என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

இன்றைக்கு அவருக்கு வேறு ஒரு வேலை இருந்தது. அதை இப்போது எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 11, வியாழன்

பால் அரை லிட்டராகக் குறைக்கச் சொன்னேன். இறப்புச் சான்றிதழுக்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. வந்தவர்களுக்குக் காப்பி போட்டுப் போட்டு ஒரு பால்சட்டி அடிப்பிடித்துவிட்டது.

வருகிறவர்கள் எல்லாரும் கெசியாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுகிறார்கள். நியாயம்தான். அவள் இந்த வீட்டுக்கு நாலு வயதில் வந்தவள். மின்வாரிய ஆபீசில் இவரோடு வேலை பார்த்த பெண்ணின் குழந்தை. தாய் திடீரென்று இறந்துபோக, பிள்ளையில்லாத இவரும் இவருடைய முதல் மனைவியும் கொண்டுவந்து வளர்த்தார்கள். முறைப்படி தத்து எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் நம் கிறிஸ்தவர்களுக்கு அதற்கு வழியில்லையாம். கோர்ட்டில் கார்டியன் உத்தரவு மட்டும் வாங்கினாராம். இப்போது இருபத்தொன்பது வயது. மதுரையில் ஒரு கல்லூரியில் நூலகர்.

நான் வந்தது இந்த ஜனவரியில்தான். போன வருஷம் ரிட்டயர் ஆனேன். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்ன மாதம்தான் போதகரின் மனைவி ஐயரம்மா இந்தச் சம்பந்தத்தைப் பற்றிப் பேசினார்கள். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தது தற்செயல்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் கெசியா அப்பாவின் பீரோவிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சித்தி, இதைப் பத்தி அப்பா உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா?"

"சொல்லியிருக்காங்க."

2016-இல் பதிவு செய்த உயில். முதல் மனைவி இறந்த வருஷம். இந்த வீடும் நாலுவழிச் சாலைப் பக்கம் இருக்கும் மனையும் கெசியாவுக்கு. அவ்வளவுதான் அதில் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முந்தி எழுதியதில் என் பெயர் எப்படி இருக்கும்? எனக்கு வருத்தமில்லை.

"நீங்க உடனே போணும்னு நான் சொல்லலை" என்றாள். "முப்பதாம் நாள் ஜெபம் முடியட்டும். அதுக்கப்புறம் ஒரு இடம் பாத்துக்கிடுங்க. நான் வேணும்னா உதவி செய்யுதேன்."

குரலை உயர்த்தவில்லை. நூலகத்தில் புத்தகத்துக்குத் தவணை சொல்கிற மாதிரி சொன்னாள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூட ஒரு நிமிஷம் ஆனது.

"எதுக்கும் வக்கீலை ஒரு தடவை பாத்துட்டு வந்திருவோமே" என்றேன்.

"எதுக்கு? பதிவு பண்ணின உயில்."

"எதுக்கும்."

ஆகஸ்ட் 16, செவ்வாய்

முதியோர் பெண்கள் இல்லம் ஒன்றில் விசாரித்தேன். அக்டோபர் வரை இடமில்லை. திரும்பி வரும்போது முருங்கைக்காய் வாங்கினேன். சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 19, வெள்ளி

வக்கீல் நல்லதம்பியின் ஆபீஸ். அவருக்கு முன்னால் கெசியா உயிலை வைத்தாள். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இது செல்லாதும்மா" என்றார்.

கெசியா சிரித்துவிட்டாள். "பதிவு பண்ணினது சார். நீங்கதான் பண்ணிக் குடுத்தீங்க."

"நான்தான் பண்ணினேன். இந்துக்களுக்கு இப்படிக் கிடையாது. நம்ம கிறிஸ்தவங்களுக்கு, கல்யாணம் பண்ணிட்டா அதுக்கு முன்னால எழுதின உயில் தானாவே ரத்து. பதிவு பண்ணியிருந்தாலும் ரத்துதான். உங்க அப்பா ஜனவரியில மோதிரம் மாத்துன அன்னைக்கே இந்தக் காகிதத்துக்கு உசிரு போயிட்டு."

"அப்ப வீடு?"

"உயிலே இல்லாம இறந்த மாதிரிதான். பாதி மனைவிக்கு. மீதி பாதி அவரு கூடப்பிறந்த தம்பிக்கு."

"எனக்கு?"

வக்கீல் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "சட்டப்படி ஒண்ணுமில்லம்மா."

கெசியா அதிர்ந்துபோனாள். நானும்.

அவள் உயிலைத் திரும்ப மடித்தாள். பழைய மடிப்பிலேயே மடிக்கப் பார்த்தாள், விரல் ஒத்துழைக்கவில்லை. மயங்கிவிடுவாளோ என்று நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். ஜூலை மாதம் இவர் வேறு ஏதோ வேலையாக அவரிடம் போனபோது பேச்சுவாக்கில் இந்தச் சட்டம் தெரிய வந்திருக்கிறது. பதறிப்போய் அங்கேயே உட்கார்ந்து புது உயிலுக்குச் சொல்லச் சொல்ல டைப் அடிக்க வைத்திருக்கிறார்.

"ஜூலை 22, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வாரேன்னு சொன்னாங்க. சாட்சிக்கு ஆள்கூட நிறுத்தி வச்சிருந்தேன். வரலை. அதுக்கு அப்புறம் நான் மக பிரசவத்துக்குச் சென்னைக்குப் போயிட்டேன். ஆகஸ்ட் 8 திங்கட்கிழமைன்னு மாத்தி வச்சோம். ஏழாம் தேதி இப்படி ஆயிட்டு."

கெசியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஜூலை 22-ஆ?"

"அன்னைக்கு எனக்குத் தலைசுத்தல்" என்றேன். "அதனாலதான் போகலை."

கையெழுத்தாகாத அந்த உயிலின் பிரதி ஒன்றை வக்கீல் என்னிடம் கொடுத்தார். எதற்கும் உதவாது என்று சொல்லித்தான் கொடுத்தார். கெசியா அதை வாங்கிப் பார்க்கவில்லை. அங்கிருந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, சனி

படித்தேன். இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை.

அதில் இருப்பதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"மேற்படி வீடும் மனையும் என் வளர்ப்பு மகள் கெசியாவைச் சேர வேண்டியது. என் மனைவி பியூலா தன் ஆயுள் உள்ளவரை மேற்படி வீட்டில் குடியிருந்துகொள்ள வேண்டியது. அவரை வெளியேற்ற யாருக்கும் உரிமை கிடையாது. அவர் வேலை பார்த்த காலமெல்லாம் பிறர் கொடுத்த அறையில் இருந்தவர். இனி அப்படி இருக்கலாகாது."

கடைசி இரண்டு வரியும் சட்டத்துக்குத் தேவையில்லை, நீக்கிவிடலாம் என்று வக்கீல் சொன்னாராம். இவர் கேட்கவில்லையாம். "இருக்கட்டும், அவ படிப்பா" என்றாராம்.

ஐம்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு அடி விழும் என்று நான் நினைக்கவில்லை. அவர் இறந்த அன்றுகூட நான் இப்படித் தரையில் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 24, புதன்

இவருடைய தம்பி ஆசீர்வாதம் வந்தார். கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம். சபைக் கமிட்டியில் இருக்கும் ஒரு வக்கீல் அவருக்கு எல்லாம் சொல்லிவிட்டார்.

"மதினி, கவலைப்படாதிய. உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. வித்துப் பிரிச்சிக்கிடுவோம். உங்களுக்கும் ஒரு சின்ன வீடு ஆயிரும்."

"கெசியாவுக்கு?"

"அந்தப் பிள்ளைய அண்ணன் வளத்தான், படிக்க வச்சான், வேலையும் வாங்கிக் குடுத்தான். இதுக்கு மேல என்ன செய்யணுங்கிய?"

கெட்டவர் இல்லை. அடக்கத்தன்று பெட்டியின் தலைமாட்டைக் கடைசிவரை தோள் மாற்றாமல் சுமந்தவர்.

ஒன்றை எழுதியாக வேண்டும். "உங்களுக்குப் பாதி" என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடிதான். பழத்தை வாங்கி வைக்கிற நேரம். அந்தச் சந்தோஷத்தைக் கண்டு நானே திடுக்கிட்டுப்போனேன்.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

19ஆம் தேதிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். "கெசியா அதிர்ந்துபோனாள். நானும்" என்று எழுதியிருக்கிறேன். பொய். எனக்கு முன்னாலேயே தெரியும்.

ஜூலை 21, வியாழக்கிழமை சாயங்காலம், வக்கீல் ஆபீசிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "பியூலா, நம்ம கல்யாணத்தோட அந்தப் பழைய உயில் ரத்தாகிப் போச்சாம். யாருக்காவது தெரியுமா இது? நாளைக்குப் போய்ப் புதுசுல கையெழுத்துப் போட்டிரணும். பழையபடியே கெசியா பேருக்குத்தான். ஆனா..."

"பழையபடியே" என்ற சொல்லோடு நான் எழுந்து துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டேன். "ஆனா"வுக்குப் பிறகு அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்கவில்லை. இப்போது தெரிகிறது. அதுதான் டைப் அடித்த தாளில் இருக்கிறது.

மறுநாள் காலை வேட்டி சட்டையோடு அவர் கிளம்பி நின்றபோது, தலை சுற்றுகிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். சுற்றவில்லை. இது மற்றவர் வீடு என்று எழுதிய தாள் எங்கேயும் இல்லாத ஒரு வாரம் எனக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாரம். வக்கீல் சென்னைக்குப் போவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இவர் இறந்துபோவார் என்று எப்படித் தெரியும்?

14ஆம் தேதி கெசியா அந்த உயிலை மேஜையில் வைத்தபோதும் வாயைத் திறக்கவில்லை. வக்கீல் வாயால் அவளுக்குத் தெரியட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 5, திங்கள்

முப்பதாம் நாள் ஜெபம். நாற்பது பேர் வந்தார்கள். கெசியா வந்து வேலைகளைப் பார்த்தாள். என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

எல்லாரும் போனபிறகு ஆசீர்வாதத்தை உட்காரச் சொன்னேன். வக்கீலிடம் ஏற்கெனவே தனியாகக் கேட்டு வைத்திருந்தேன்.

"மனை முழுசையும் நீங்க எடுத்துக்கிடுங்க. வீடு முழுசும் எனக்கு. பாகப் பத்திரம் போட்டுக்கிடுவோம்."

அவருக்கு நம்ப முடியவில்லை. "மனைதான் மதினி விலை கூட. நாலுவழிச் சாலை. தெரிஞ்சிதான் சொல்லுதியளா?"

"தெரிஞ்சிதான்."

"இந்தப் பழைய வீட்ட வச்சு நீங்க என்ன செய்யப் போறிய?"

"கெசியா பேருக்கு எழுதிக் குடுக்கப் போறேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ஆசீர்வாதம் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "அண்ணன் கிறுக்குப் பிடிச்சவன். அவனுக்குத் தகுந்த ஆளைத்தான் பிடிச்சிருக்கான்" என்று எழுந்தார். ஒத்துக்கொண்டுதான் போனார்.

செப்டம்பர் 6, செவ்வாய்

காலையில் கெசியா மதுரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இட்லி வைத்தேன். சாப்பிடும்போது சொல்லக்கூடாது என்று காத்திருந்து, கை கழுவி வந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும். வியாழக்கிழமை சாயங்காலம், வெள்ளிக்கிழமை காலை, தலைசுற்றல், எல்லாம். நின்றுகொண்டே சொன்னேன்.

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தலைசுத்தல் இல்லைன்னு தெரியும். அன்னைக்கு அப்பா எனக்குப் போன் பண்ணினாங்க." அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். "'சித்தி தலை சுத்துதுன்னு படுத்திருக்கா. பிரஷர் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. என்னமோ பயந்துபோயி இருக்கா. ஒரு வேலையாப் போவணும்னு இருந்தேன், அடுத்த வாரம் பாத்துக்கிடலாம். நாளைக்கேவா சாகப்போறேன்'னு சொல்லிச் சிரிச்சாங்க. என்ன வேலைன்னு நானும் கேக்கலை. வக்கீல் அந்தத் தேதியைச் சொன்னப்பதான் எனக்கு விளங்கிச்சு."

அன்று கண்ணை மூடிப் படுத்திருந்தபோது அவர் என் கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தது எனக்குத் தெரியும். மெஷின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார். நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நம்பவில்லை. தெரிந்துதான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வந்து எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

"பிறகு ஏன் நீ ஒண்ணும் கேக்கலை?" என்றேன்.

"நீங்களா சொல்லுவியளான்னு பாத்தேன். பதினெட்டு நாள் ஆச்சு." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "மன்னிச்சிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன் சித்தி. சொல்ல வரலை. அப்பாவுக்கு நான் யாருன்னு ஒரு தாளு இருந்திச்சு. இப்ப அது இல்ல."

"வீட்ட உனக்கு..."

"வீட்டைக் கேக்கலை நான்!"

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டைச் சாத்தவில்லை. நானும் வெகுநேரம் போய்ச் சாத்தவில்லை.

செப்டம்பர் 7, புதன்

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 18, ஞாயிறு

மோட்டார் ரிப்பேர். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு மூன்றாவது தடவையாக அதே தாள்களைக் கேட்கிறார்கள். கெசியாவிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை.

நவம்பர் 9, புதன்

வாரிசுச் சான்றிதழ் ஒருவழியாகப் போன மாதம் கிடைத்தது. இன்று பாகப் பத்திரம் பதிவு ஆயிற்று. ஆசீர்வாதம் எனக்கு டிபன் வாங்கிக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

வீடு முழுவதும் என் பெயரில் இருக்கிறது. முன் அறை, அடுப்படி, மாடி எல்லாவற்றிலும் ஒரு சுற்று நடந்து பார்த்தேன். இதற்காகத்தானே பொய் சொன்னேன். உட்காரக்கூடத் தோன்றவில்லை.

வக்கீலிடம் கேட்டேன், கெசியாவுக்கு உயிலாக எழுதினால் போதாதா என்று. "உயிலை நீங்க நாளைக்கே மாத்தலாம். செட்டில்மென்ட் எழுதிட்டா மாத்த முடியாது. எது வேணும்?" என்றார்.

"மாத்த முடியாதது" என்றேன்.

நவம்பர் 16, புதன்

கெசியா போன் செய்தாள். எழுபது நாளுக்குப் பிறகு. வக்கீல் வரைவை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்.

"நீங்க இங்க குடியிருக்கிறதைப் பத்தி இதுல ஒரு வரிகூட இல்லையே?"

"நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க? அது அப்பா எழுதச் சொன்னது. நீங்களும் நானும் எடுக்க முடியாது. அதை எழுதினாத்தான் நான் வந்து கையெழுத்துப் போடுவேன்."

போனை வைத்துவிட்டாள். கோபம் தீர்ந்துவிட்டதென்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. குரலில் அப்படியேதான் இருந்தது. ஆனால் போன் வந்தது.

நவம்பர் 25, வெள்ளி

சார்பதிவாளர் அலுவலகம். பத்து மணி டோக்கன். கெசியா அதிகாலை பஸ்ஸில் வந்து நேரே அங்கேயே வந்துவிட்டாள். மரத்தடி பெஞ்சில் எனக்கும் அவளுக்கும் நடுவில் அவளுடைய கைப்பை இருந்தது.

பத்திர எழுத்தர் கெசியா சேர்க்கச் சொன்ன வரியோடு கடைசியாக ஒருமுறை சரிபார்த்தார். "எழுதிக் குடுக்கறவங்களுக்கும் வாங்கறவங்களுக்கும் என்ன உறவு? மகள்னு போட்டிரவா? குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத் தீர்வை கம்மி."

நான் வாயைத் திறப்பதற்குள் கெசியா சொன்னாள்: "உறவு இல்லன்னே போடுங்க. உள்ளதைப் போடுங்க. இதுலயும் ஒரு பொய் வேண்டாம்."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "உறவினர் அல்லாதவர்" என்று எழுதினார். அந்த வரிக்கு அடியில் நான் கையெழுத்துப் போட்டேன், அவளும் போட்டாள். உள்ளே பெருவிரல் ரேகை எடுத்தார்கள். "சம்மதத்தோடதான் குடுக்கீங்களா?" என்று சார்பதிவாளர் கேட்டார். "ஆமா" என்றேன். படம் எடுக்கும்போது இரண்டு பேரையும் நெருங்கி நிற்கச் சொன்னார்கள். நெருங்கி நின்றோம்.

பதினொன்றரைக்கு முடிந்தது. வெளியே நல்ல வெயில். அவளுக்குச் சாயங்காலம் டியூட்டி இருக்கிறதாம். பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். மதுரை வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள்.

"அடுத்த சனிக்கிழமை வாரேன்" என்றாள்.

"எதுக்கு?" அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. வாயில் வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்கு வாரதுக்குக் காரணம் சொல்லணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரிதானே. அரை மணி நேரமாக அது அவள் வீடு. பர்ஸிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. வண்டி கிளம்பும் சத்தத்தில் குனிந்து உரக்கச் சொன்னாள்:

"சாவி எனக்கெதுக்கு? நீங்க உள்ள இருப்பியள்லா. நான் பெல் அடிக்கேன்."